திரையில் பாலே: எதற்குத் திரையரங்கு போதும், எதற்கு அரங்குக்கே போக வேண்டும்

லண்டன் கவென்ட் கார்டனில் உள்ள ராயல் ஆபரா ஹவுஸின் மேடையிலிருந்து ஆண்டுதோறும் சில பாலேக்களும் (ஐரோப்பியச் செவ்வியல் நடன நாடகங்கள்) ஆபராக்களும் (இசை நாடகங்கள்) திரையரங்குகளுக்கு ஒளிபரப்பப்படுகின்றன. 2024ஆம் ஆண்டு அந்த நிறுவனம் ராயல் பாலே அண்ட் ஆபரா என்று பெயரை மாற்றிக்கொண்டது. திரையரங்குச் சேவையும் இப்போது அந்தப் பெயரில்தான் விளம்பரமாகிறது. பிரிட்டனில் பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிறிய ஊர்களின் திரையரங்குகளிலும் இது வந்து சேர்வதால், லண்டனுக்கு ரயிலேறி, இரவு கடைசி வண்டியைப் பிடிக்க மூன்றாம் அங்கத்தின் நடுவே எழுந்து ஓட வேண்டிய தேவை இல்லாமல் ஒரு முழு பாலேயைப் பார்த்துவிடலாம். பல ஆண்டுகளாக இச்சேவையைப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையிலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது மேல்மாடத்தில் இடம் பிடித்து நேரிலும் பார்ப்பவன் என்ற முறையிலும், எந்தப் படைப்பைத் திரையில் பார்ப்பது தகும், எதைப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையும் முகபாவமும் முன்னிற்கும் பாலேக்களுக்குத் திரையரங்கு, அரங்கின் நடுத்தர விலை இருக்கையைக் காட்டிலும் மேலானது. இருபது முப்பது பேர் ஒன்றாக அசைந்து மேடைத் தளத்தில் வரையும் வடிவங்களே உயிராக உள்ள காட்சிகளுக்கு, மிக மலிவான மேல்மாட இருக்கைகூடத் திரையை வென்றுவிடும். காரணம் எளிது. அரங்கில் நம் கண் எங்கே போக வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கிறோம். திரையில் அந்த உரிமையைப் படப்பிடிப்பு இயக்குநரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். ஆகவே, கேமராவுக்குப் பின்னால் இருப்பவருக்கு நடனம் தெரிந்திருக்க வேண்டும். அந்த அரங்கின் நடனக்குழுவான ராயல் பாலேயின் பல பதிவுகளை இயக்கிய ராஸ் மெக்கிப்பன் ஒரு காலத்தில் அதே குழுவில் ஆடியவர்; ஒரு தாவல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அவருக்கு உடம்பிலேயே தெரியும். அத்தகையவர் இயக்கிய பதிவுக்கும், நடனத்தைக் கால்பந்து ஆட்டம் போலத் துரத்திப் பிடிக்கும் பதிவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பத்து நிமிடங்களுக்குள் உணர்ந்துவிடலாம்.

இந்த வேறுபாட்டைச் சோதித்துப் பார்க்க ‘லா பயாதேர்’ போல ஏற்ற படைப்பு வேறில்லை. மாரியஸ் பெட்டிப்பா 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அமைத்தது. இசை லுட்விக் மின்குஸ். கோயில் நடனப்பெண் நிக்கியாவும் போர்வீரன் சோலரும் புனித நெருப்பின் முன் காதலுக்குச் சத்தியம் செய்கிறார்கள்; ராஜா தன் மகள் கம்சாத்தியைச் சோலருக்கு மணமுடிக்க ஏற்பாடு செய்கிறார்; பூக்கூடையில் ஒளித்து வைத்த பாம்பு தீண்டி நிக்கியா இறக்கிறாள். ராயல் பாலே ஆடுவது, நத்தாலியா மக்கரோவா 1980இல் அமெரிக்கன் பாலே தியேட்டருக்காக அமைத்து, 1989இல் லண்டனுக்குக் கொண்டுவந்த வடிவம். 2018 நவம்பரில் அது திரையரங்குகளுக்கு ஒளிபரப்பானபோது மரியனெலா நூன்யெஸ் நிக்கியாவாகவும், நத்தாலியா ஒசிப்போவா கம்சாத்தியாகவும், வதிம் முந்தகிரோவ் சோலராகவும் ஆடினார்கள்.

முதல் அங்கத்தில் இரண்டு பெண்களும் நேருக்கு நேர் மோதும் காட்சி ஒன்று உண்டு. கம்சாத்தி நகையைக் கழற்றிக் கொடுத்து நிக்கியாவை விலகிப் போகச் சொல்கிறாள், நிக்கியா மறுக்கிறாள், வாக்குவாதம் முற்றி நிக்கியாவின் கையில் கத்தி வந்துவிடுகிறது. முழுக்க அபிநயத்தாலேயே நடக்கும் காட்சி இது. மேல்மாடத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு சின்ன உருவங்கள் கைகளை வீசிக்கொள்வது மட்டுமே தெரியும். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை நிகழ்ச்சிக் கையேட்டைப் படித்து ஊகிக்க வேண்டியதுதான். திரையிலோ ஒசிப்போவாவின் கண்ணில் முதலில் ஏளனம் வருவதும், பின்னர் அது அச்சமாக மாறுவதும், அச்சம் போன பிறகு கொலை செய்யும் முடிவு அங்கே குடியேறுவதும் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. பரதநாட்டியத்தில் கண்ணைப் பார்க்கும் பொருட்டு சபாவில் முன்வரிசை தேடிப் பழகியவர்களுக்கு பாலேயின் அபிநயம் வறண்டதாகத் தோன்றுவதுண்டு. அந்த எண்ணத்தில் பாதி, தூரத்தின் குற்றம் என்பதைத் திரை காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அடுத்து நிழல்களின் இராச்சியம். துயரத்தில் அபின் புகைத்து மயங்கும் சோலரின் கனவில் இறந்துபோன பெண்கள் தோன்றுகிறார்கள். வெண்ணிற உடையில், மேடையின் பின்புறச் சரிவுப் பாதையில் ஒருத்தி வந்து, ஒரு காலைப் பின்னே உயர்த்தி அரபெஸ்க் நிலையில் முன்னே சாய்ந்து, நிமிர்ந்து, இரண்டு அடி நடக்கிறாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அவள் பின்னால் மற்றொருத்தி. ராயல் பாலேயில் இருபத்து நான்கு பேர் இறங்கி முடிக்கும் வரை அதே அசைவுதான் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. நேரில் பார்க்கும்போது சில நிமிடங்களில் தனித்தனிப் பெண்கள் மறைந்து, மலைச்சரிவில் பனி இறங்குவது போன்ற ஓர் ஒற்றை அசைவு மட்டும் மிஞ்சும். அந்த மயக்கத்துக்கு முதல் தேவை, கண்ணை யாரும் தொந்தரவு செய்யாமல் இருப்பது. கேமராவால் சும்மா இருக்க முடிவதில்லை. பல பதிவுகளில் முதல் பெண்ணின் அண்மைக்காட்சி, பிறகு பக்கவாட்டுக் காட்சி, பிறகு மேலிருந்து ஒரு காட்சி என்று மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் மயக்கம் கலைகிறது. அண்மைக்காட்சியில் ஒரு பெண்ணின் கணுக்கால் லேசாக நடுங்குவதைப் பார்த்துவிட்டால் அவள்மீது இரக்கம் பிறக்கிறது. நிழல்மீது யாரும் இரக்கப்படக் கூடாது. அசையாத ஒரு கேமராவை மேல்மாடத்தின் நடுவில் வைத்துவிட்டு எல்லோரும் தேநீர் குடிக்கப் போயிருந்தால், இந்தப் பத்து நிமிடங்கள் இன்னும் சிறப்பாக அமைந்திருக்கும் என்பது என் கருத்து.

இந்தியப் பார்வையாளருக்கு இதே பாலேயில் வேறொரு சங்கடமும் உண்டு. திரை அதைப் பெரிதாக்குகிறது. மேடையில் தொலைவிலிருந்து பார்க்கும்போது இந்த ‘இந்தியா’ ஒரு தேவதைக்கதை நாடு என்று விட்டுவிடலாம். நெருப்பைச் சுற்றிக் குதிக்கும் பக்கிரிகள் ஆளுயரத்தைவிடப் பெரிதாகத் திரையில் வரும்போது அப்படி விட முடிவதில்லை. மாஸ்கோவின் போல்ஷோய் குழுவின் ‘லா பயாதேர்’ நிகழ்ச்சியில் சில இளம் நடனப்பெண்கள் முகத்திலும் கைகால்களிலும் கறுப்பு பூசி ஆடும் வழக்கத்தை அமெரிக்க நடனமணி மிஸ்டி கோப்லாண்ட் 2019 டிசம்பரில் வெளிப்படையாகக் கண்டித்தது பலருக்கு நினைவிருக்கலாம்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதைக்கும் உள்ள தொடர்பு, அந்த மேடை ஒப்பனையைவிட உண்மையானது. 1838இல் கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து கோயில் நடனக்குழு ஒன்று பாரீசுக்கு அழைத்துச் செல்லப்பட்டது. அவர்கள் பின்னர் லண்டனின் அடெல்ஃபி அரங்கிலும் ஆடினார்கள். அவர்களுள் அம்மணி என்ற பெண்ணின் ஆட்டத்தில் மனம் பறிகொடுத்து எழுதியவர் பிரெஞ்சுக் கவிஞர் தியோஃபில் கோத்தியே. மூன்றே ஆண்டுகளில் அவர் ‘ஜிசெல்’ பாலேயின் கதையை உருவாக்குவதில் பங்கேற்றார். 1858இல் சகுந்தலையின் கதையை பாலேவுக்காக எழுதினார். அதற்கு நடனம் அமைத்த லூசியன் பெட்டிப்பா, மாரியஸின் அண்ணன். ஒளிபரப்பின் இடைவேளைகளில் ஆடை தைப்பவர் முதல் இசைக்குழுத் தலைவர் வரை எத்தனையோ பேரைப் பேச வைக்கிறார்கள். திருவந்திபுரத்துப் பெண்களுக்கு இரண்டு நிமிடங்கள் ஒதுக்கினால் குறைந்துவிடாது.

‘ஜிசெல்’ பற்றிச் சொல்லும்போது திரையின் பலம் இன்னும் துலங்கும். 1841இல் பாரீசில் அரங்கேறிய இந்தப் படைப்பை ராயல் பாலே பீட்டர் ரைட் 1985இல் அமைத்த வடிவத்தில் ஆடுகிறது. 2016இல் நூன்யெஸும் முந்தகிரோவும் ஆடியது திரையரங்குகளுக்கு வந்தது. காதலன் அல்பிரெக்ட், பிரபு குலத்தவன் என்றும் வேறொருத்திக்கு நிச்சயிக்கப்பட்டவன் என்றும் அறிந்த கிராமத்துப் பெண் ஜிசெல் மனம் பேதலித்து இறக்கும் காட்சி முதல் அங்கத்தின் முடிவில் வருகிறது. பூவிதழைப் பிய்த்து ஆருடம் பார்த்த விளையாட்டையும், சற்று முன் அவனோடு ஆடிய அடிகளையும் அவள் பாதி நினைவில் மறுபடி செய்து பார்க்கிறாள். நூன்யெஸ் அங்கே பெரிதாக எதையும் செய்வதில்லை. பார்வை ஓரிடத்தில் நிலைக்காமல் வழுக்கிப் போகிறது. விரல்கள் இல்லாத பூவைப் பிடிக்கின்றன. அரங்கின் கடைசி வரிசைக்கு எட்டும்படி மிகைப்படுத்தி ஆட வேண்டிய கட்டாயம் உள்ள காட்சியில், எட்டாமற்போகக்கூடிய சின்னச் சின்ன விஷயங்களைச் செய்யும் துணிவு அவருக்கு இருக்கிறது. அவற்றைப் பார்ப்பதற்கு வழி, விலை உயர்ந்த கீழ்த்தள இருக்கை அல்லது கேமரா.

இரண்டாம் அங்கத்தில் நிலைமை தலைகீழ். காதலில் ஏமாந்து இறந்த பெண்களின் ஆவிகளான விலிகள், இரண்டு அணிகளாக எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து ஒற்றைக்காலில் துள்ளியபடி வந்து ஒருவரை ஒருவர் கடந்து செல்லும் இடத்தில் நேரில் பார்ப்பவர்கள் கைதட்டாமல் இருப்பதில்லை. இரண்டு அணிகளும் முழுமையாகத் தெரிந்தால்தான் அந்தக் கடத்தல் கண்ணுக்குப் புலப்படும். விலிகளின் அரசி மிர்த்தா நுனிக்காலில் நின்று, கால்கள் அசைவதே தெரியாமல் மேடையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மிதந்து செல்வதும் அத்தகையதே. அவள் கடக்கும் தூரம் தெரியாவிட்டால் அதில் வியப்பே இல்லை. இடுப்புக்கு மேல் காட்டும் சட்டகத்தில் அவள் நகரும் மேசைமேல் நிற்பதாகத்தான் தோன்றும். இதைவிட எனக்குப் பொறுக்காதது, மைக்குகள் மேடைக்கு அருகில் இருப்பதால் ஆவிகளின் காலணிகள் தரையில் மோதும் ஒலி தெளிவாகக் கேட்பது. அரங்கில் அது இசையில் கரைந்துவிடும்.

அதே கதையை அக்ரம் கான் இங்கிலிஷ் நேஷனல் பாலேவுக்காக 2016இல் முற்றிலும் புதிதாக அமைத்தார். வங்காளதேச வேர்களைக் கொண்ட லண்டன்காரர், கதக் பயின்றவர். அவருடைய ஜிசெல், மூடப்பட்ட ஆடைத் தொழிற்சாலையின் புலம்பெயர் தொழிலாளி. முதலாளிகள் பெரிய சுவருக்கு அப்பால் வாழ்கிறார்கள். விலிகள், அந்தத் தொழிற்சாலையில் உழைத்துச் செத்தவர்களின் ஆவிகள். அடோல்ஃப் ஆதாமின் பழைய இசையின் துணுக்குகளை எடுத்து வின்சென்ஸோ லமான்யா இயந்திரங்களின் இரைச்சலோடு பின்னியிருக்கிறார். 2017இல் லிவர்பூல் எம்பயர் அரங்கில் பதிவாகி, 2018இல் திரையரங்குகளுக்கு வந்த அந்தப் பதிவு, தமாரா ரோஹோ முதன்மைப் பாத்திரத்தில் ஆடியது, நான் திரையில் பார்த்த பாலேக்களிலேயே முழுமையானது. நேரலைக்காக அவசரமாகத் தீர்மானிக்கும் நெருக்கடி இல்லாமல் பின்னர் தொகுக்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். சுவர் சுழன்று திரும்பும்போது கேமரா அசையாமல் நின்று அதன் உயரத்தை உணரவிடுகிறது. முதலாளிகளுக்கு டிம் யிப் வடிவமைத்த விசித்திர ஆடைகளின் பகட்டு, அவர்கள் வேண்டுமென்றே அசையாமல் நிற்கும் நேரத்தில் அருகில் காட்டப்படுகிறது. விலிகள் நீண்ட கழிகளைப் பற்றிக்கொண்டு நுனிக்காலில் எழும்போது, அந்தக் காலணி ஒலியே ஆலையின் தாளமாகிவிடுகிறது. மேலே நான் குறையாகச் சொன்னது இங்கே இசையாக மாறுகிறது. மேடை ஒளி மிகவும் மங்கல் என்பதால், விளக்கை முழுவதும் அணைக்காத திரையரங்கில் இதைப் பார்க்கக் கூடாது.

நவீன பாலேக்கள் பொதுவாகத் திரைக்கு ஒத்துப்போகின்றன என்றாலும், அதை விதியாக்கிவிட முடியாது. வேய்ன் மெக்ரெகர், வர்ஜீனியா வுல்ஃபின் மூன்று நாவல்களிலிருந்து 2015இல் உருவாக்கி, 2017இல் திரையரங்குகளுக்கு வந்த ‘வுல்ஃப் வொர்க்ஸ்’ இதற்கு நல்ல சான்று. மாக்ஸ் ரிக்டர் இசையமைத்த இந்த முப்பகுதிப் படைப்பின் மையத்தில் இருப்பவர் அலெஸாண்ட்ரா ஃபெர்ரி. ஒளிபரப்பின்போது அவருக்கு வயது 53. முதல் பகுதியில், தன் இளமையும் பழைய காதலர்களும் தன்னைச் சுற்றி ஆடுவதைப் பார்த்தபடி அவர் நிற்கும் இடங்களில், அந்த முகத்தின் வயது நடனத்தின் பொருளாகவே ஆகிறது. வேறெந்தக் கலைஞருக்கும் முகத்தின் சுருக்கம் இத்தனை பயன்பட்டு நான் பார்த்ததில்லை. மாடத்திலிருந்து அது தெரியவும் தெரியாது. ஆனால் லேசர் ஒளிக்கற்றைகளுக்கிடையே பலர் ஒரே நேரத்தில் வெவ்வேறு திசைகளில் வெறிகொண்டு ஆடும் இரண்டாம் பகுதி திரையில் சிதறிப் போகிறது. ஒரு இணையைக் காட்டினால் மற்ற இணைகள் போய்விடுகின்றன. எல்லோரையும் காட்டினால் மெக்ரெகரின் உடல்மொழியில் முக்கியமான முதுகெலும்பின் நெளிவும் தோளின் திருகலும் சிறுத்துவிடுகின்றன. அலைகளின் காட்சி பின்னணியில் மிக மெதுவாக அசைய ஃபெர்ரி மறைந்து போகும் மூன்றாம் பகுதி வந்ததும், திரை மறுபடி தன் நிலைக்குத் திரும்புகிறது.

முகம் தெரிந்தால் எப்போதும் நன்மை என்று நினைப்பவர்களுக்கு மறுப்பாகக் கென்னத் மெக்மில்லனின் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ இருக்கிறது. லின் சீமோரையும் கிறிஸ்டோபர் கேபிளையும் மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டு, 1965 பிப்ரவரி 9 அன்று மார்கோ ஃபொன்டெய்னும் ருடால்ஃப் நுரியேவும் ஆடி அரங்கேறி, கைதட்டல் ஓயாததால் முடிவில் 43 முறை திரை விலக்கப்பட்ட படைப்பு அது. மூன்றாம் அங்கத்தில், ரோமியோ போய்விட்டான், பெற்றோர் வேறு மணம் பேசுகிறார்கள், இனி என்ன செய்வதென்று தெரியாமல் ஜூலியட் கட்டிலின் விளிம்பில் அசையாமல் அமர்ந்திருக்கிறாள். புரோக்கோஃபியேவின் இசை அரங்கை நிறைத்துப் பெருகுகிறது. அவள் ஒரு விரலைக்கூட அசைப்பதில்லை. அந்தப் பெரிய மேடையில் அந்தச் சிறிய உருவம் எவ்வளவு தனியாக இருக்கிறது என்பதே அக்காட்சி. கேமரா அங்கே முகத்தை நெருங்கும்போது, நடிப்பு மிக நன்றாகத் தெரிகிறது, தனிமை போய்விடுகிறது. பல்கனிக் காட்சியின் இணைநடனத்திலோ, சந்தையில் நடக்கும் வாள்சண்டையிலோ இத்தகைய இழப்பு இல்லை. அவை திரையில் நன்றாகவே வருகின்றன.

போல்ஷோய் குழுவின் நிகழ்ச்சிகளைப் பாரீசின் பாத்தே நிறுவனம் 2010 முதல் பல ஆண்டுகள் மாஸ்கோவிலிருந்து திரையரங்குகளுக்கு வழங்கிவந்தது. உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகு, 2022இல் அது நின்றுபோனது. படையெடுப்புக்கான எதிர்வினையாக அந்த முடிவில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் யூரி கிரிகோரோவிச்சின் ‘ஸ்பார்ட்டகஸ்’ போன்ற பிரம்மாண்டத்தை மேற்கு ஐரோப்பாவில் மலிவாகப் பார்க்க வேறு வழி இல்லாமற்போனது உண்மை. ஆண் நடனக்கலைஞர்களின் உயரத் தாவல்கள் நிறைந்த அந்தப் படைப்பை, மேடைக்குச் சற்றுக் கீழிருந்து நோக்கும் கேமராக் கோணம் இன்னும் உயர்த்திக் காட்டும். மேலிருந்து எடுத்தால் தரை வடிவங்கள் தெளிவாகும், தாவலின் உயரம் தட்டையாகும். கீழிருந்து எடுத்தால் இதற்கு நேர்மாறு. எந்தப் பதிவும் இந்த இரண்டையும் ஒருசேரக் கொடுப்பதில்லை.

சேவையின் மற்ற அம்சங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். நான் வழக்கமாகப் போகும் இடங்களில் டிக்கெட் 15 முதல் 25 பவுண்டுக்குள் முடிகிறது. கவென்ட் கார்டனில் மேடையை மறைவின்றிப் பார்க்கும் நல்ல இருக்கைக்கு இதைப் போலப் பல மடங்கு ஆகும். ஒளிபரப்பின் தொடக்கத்திலும் இடைவேளையிலும் வரும் தொகுப்பாளர்கள் எதையும் ‘அற்புதம்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பது சலிப்பூட்டுகிறது. ஆனால் ஒத்திகைக் கூடத்தில் மூத்த பயிற்சியாளர் ஒரு கைவீச்சைத் திரும்பத் திரும்பத் திருத்தும் காட்சிகளைத் தவறவிடக் கூடாது. மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் அமர்ந்திருக்கும் இசைக்குழுவின் ஒலி, மேல்மாடத்தில் கேட்பதைவிடத் திரையரங்கில் தெளிவாக இருக்கிறது, ஊழியர்கள் ஒலியளவைச் சரியாக வைத்தால். பெயர் சொல்ல விரும்பாத ஒரு திரையரங்கில் விளம்பரங்களுக்குக் குறைத்த ஒலியை முதல் அங்கம் முடியும் வரை யாரும் உயர்த்தவில்லை. இரண்டாம் அங்கத்தின் பாதி வரை சுவர் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. அப்படி நேர்ந்தால் தயங்காமல் எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும். பாலே பார்க்க வருவோர் பெரும்பாலும் வயதானவர்கள், மரியாதை கருதிப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

குழந்தைகளோடு போவதானால் கிறிஸ்துமஸ் காலத்தில் வரும் பீட்டர் ரைட்டின் ‘நட்கிராக்கர்’ போதும். வளர்ந்துகொண்டே போகும் கிறிஸ்துமஸ் மரத்தை முழுதாகக் காட்டிவிடுகிறார்கள், சர்க்கரைத் தேவதையின் நடனத்துக்கு அண்மைக்காட்சி பொருந்துகிறது, குறை சொல்ல அதிகம் இல்லை. நேரலையைத் தவறவிட்டவர்களுக்கு, பல திரையரங்குகளில் அடுத்து வரும் ஞாயிறு பிற்பகலில் மறுகாட்சி உண்டு. படத்தின் தரத்தில் வேறுபாடு இல்லை, கூட்டமும் குறைவு. இருக்கை தேர்ந்தெடுக்கும்போது, வழக்கமான படத்துக்கு உட்காருவதைவிட இரண்டு மூன்று வரிசைகள் பின்னால் போய் நடுவில் அமருங்கள். அண்மைக்காட்சிகள் அங்கேயும் போதுமான அளவு பெரிதாகவே இருக்கும். முழு மேடையும் தெரியும் காட்சிகளில் விலிகளின் இரண்டு அணிகளையும் தலையைத் திருப்பாமல் ஒரே பார்வையில் பிடித்துவிடலாம்.